வாரத்துக்கு ஒரு மீறல்

காலையில் கை தன்பாட்டுக்குப் போய் விளக்கைப் போட்டுவிட்டது, அதுதான் வம்பு, மற்றபடி இந்தச் சனிக்கிழமையில் ஒரு குறையும் இல்லை என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. டெபோரா வீட்டுப் பின்கட்டில், குப்பைத் தொட்டிகளுக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவே, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, அதன்மேல் பச்சைத் தழையை வெட்டிப் போட்ட ஒரு பந்தல். யூதர்கள் இதை சுக்கா என்பார்கள். முதல் தடவை கேட்டபோது அவளுக்கு மட்டன்தான் ஞாபகம் வந்தது, பாளையங்கோட்டை சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாத ஞாபகம். கூடாரப் பண்டிகை முடிகிறவரை சாப்பாடு இதற்குள்தான், மேலே பார்த்தால் தழைக்கு நடுவே வானம் தெரிய வேண்டும். வனாந்தரத்தில் ஓட்டைக் கூரை போட்டால் சரி, மான்செஸ்டரில் அக்டோபர் மாதத்தில் போட்டால்? இந்தக் கடவுளுக்கு வேடிக்கை பார்க்கிற குணம் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி சூப்பில் மழை பெய்தது, யாரும் எழுந்திருக்கவில்லை, சூப்பு குறையவேயில்லை என்று டெபோராவின் கடைசிப் பையன் சந்தோஷப்பட்டான். இன்று வெயில். பிள்ளைகள் நாலு பேரும் அண்டை வீடுகளுக்கு விளையாடப் போய்விட்டார்கள். டெபோராவின் கணவன் ஸ்வி மாடியில் தூங்குகிறான். டெபோரா எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சபத்துக்கென்று, அதாவது இந்தச் சனிக்கிழமை ஓய்வு நாளுக்கென்று, போட்ட நல்ல உடை கசங்குவதைப் பற்றிக் கவலையில்லாமல், பாதிக் கண்ணை மூடியிருக்கிறாள். மேசையில் ரொட்டித் துணுக்குகள். ராத்திரியெல்லாம் சூட்டுத் தட்டில் கிடந்து வெந்த பயறு பார்லி உருளைக்கிழங்கு மணம் இன்னும் போகவில்லை. காந்திமதிக்கென்று கறி போடாமல் தனிச் சட்டி. கழுவ வேண்டிய பாத்திரம் கழுவப்பட வேண்டாம், எடுக்க வேண்டிய போன் எடுக்கப்பட வேண்டாம், கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன. இதற்காகத்தானே வந்தேன், இந்தச் சும்மாவுக்காக, என்று நினைத்தாள், நினைத்த உடனே காலையில் போட்ட விளக்கு மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது.

அவள் இன்னும் யூதப் பெண் ஆகவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள், வருகிற வியாழக்கிழமை, ரபிகள் என்கிற குருமார் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து கேட்பதற்குப் பதில் சொல்லி, பிறகு குளத்தில் மூன்று முழுக்குப் போட்டு எழுந்தால் ஆகிவிடுவாள். அதுவரை ஒரு விதி உண்டு, அதைக் கேட்டு முதலில் அவள் சிரித்துவிட்டாள்: யூதர் அல்லாதவர் சபத்தை முழுசாக அனுசரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து இருபத்தைந்து மணி நேரம் எல்லாவற்றையும் விட்டு இருக்கலாம், ஆனால் ஒன்றை மட்டும், ஒரே ஒரு சின்ன விஷயத்தை, வேண்டுமென்றே மீற வேண்டும். ஒரு விளக்கைப் போடலாம், ஒரு எழுத்தை எழுதலாம். பாடம் சொல்லித் தருகிற ரிவ்கா, ரபியின் மனைவி, இதைச் சொன்னபோது காந்திமதி ஏதோ பரீட்சையில் பாதி மார்க்கை வேண்டுமென்றே விடச் சொன்னதுபோல் முழித்தாள். சரி என்று பாவாடைப் பையில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள், சபத்தன்று வெளியே ஒன்றையும் சுமந்து போகக் கூடாது, ஆகவே அது மீறல். நாலு மாதம் இப்படி ரொம்ப யோக்கியமாக மீறிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதும் ரிவ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வட்டாரத்தைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள், கம்பிக்குள் இருக்கிற இடமெல்லாம் ஒரே வீடு மாதிரிக் கணக்கு, உள்ளே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். அப்படியானால் நாலு மாதமாக ஒன்றுமே மீறவில்லை, ஒழுங்காக இருக்கக் கூடாத நாட்களில் படு ஒழுங்காக இருந்திருக்கிறாள்! அந்தக் கம்பியை அவள் தினமும் பார்த்ததுதான், டெலிபோன் கம்பி என்று நினைத்திருந்தாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக முப்பது வருஷம் கம்பத்தையும் கம்பியையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு ரிட்டயர் ஆனவரின் மகளுக்கு எந்தக் கம்பியில் என்ன போகிறது என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று அன்றைக்கு நினைத்தாள். சொல்ல முடியவில்லை. அப்போதே அவர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

அதற்கப்புறம் குளியலறை விளக்குதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயந்திரம், நாள் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு தெரு தள்ளியிருக்கிற தன் அறைக்குப் போய், சுவிட்சை அமுக்கி, உடனே அணைத்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வதுபோல் ஒரு நொடி வேலை. ஆனால் இந்த வாரம் வேண்டாம் என்று வைத்திருந்தாள். இதுதான் கடைசி. வியாழக்கிழமைக்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவளுக்கு மீற உரிமை கிடையாது, மீறினால் அது தப்பு. ஆகவே கடைசி மீறலை விளக்குக்குச் செலவழிக்காமல் அப்பாவுக்கு வைத்துக்கொள்வோம் என்று திங்கட்கிழமையிலிருந்தே மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள். காலையில் தூக்கக் கலக்கத்தில் குளியலறைக்குள் போனாள், மழை நாளைப் போல இருட்டாக இருந்தது, கை தன்பாட்டுக்குப் போய் அமுக்கிவிட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் ஐயோ என்றாள். கண்ணாடியில் அவள் முகம், தலைமுடி ஒரு பக்கமாகக் கலைந்து, திருடும்போது பிடிபட்டவள் மாதிரி நின்றது. ஒரு மீறல் போதும், குறைவாக இருந்தால் நல்லது, என்று ரிவ்கா சொல்லியிருந்தாள். ஒன்று முடிந்துவிட்டது. இப்போது போனை எடுத்தால் அது விதிக்காக இல்லை, எதற்காகவும் இல்லை, சும்மா அவளாகவே எடுத்தது. யாரும் கேட்கப்போவதில்லை. யூதர் ஆகாதவள் பத்து விளக்குப் போட்டாலும் பாவம் ஒன்றும் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் வியாழக்கிழமை மூன்று ரபிகள், சபத்தை எப்படி வைத்துக்கொள்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார்களாம், ஒன்றே ஒன்றுதான் மீறினேன் என்று சொல்ல ஆசைப்பட்டாள். சின்னப் பெருமை. அந்தப் பெருமைக்காகவா அப்பாவை விடுவது என்று உள்ளே ஒருத்தி கேட்டாள், அப்பாவுக்காகவா இரண்டு வருஷத்தை விடுவது என்று இன்னொருத்தி கேட்டாள், இரண்டு பேருக்கும் நல்ல வாய்.

ஏன் இன்றைக்கே? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் என்ன, திங்கட்கிழமை கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள், பதினொரு மாதமாக. அப்பாவின் செல்போனில் அவள் பெயர் வந்தால் எடுக்கமாட்டார். வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தால் அம்மா எடுப்பாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டாள், அம்மா இருக்கிறவரை மணி அடித்தால் எழுந்துபோய் எடுக்க வேண்டிய அவசியம் அப்பாவுக்கு இல்லை. போனை அப்பாவிடம் கொடு என்றால் அவர் கிணற்றடிக்குப் போய்விடுவார், அல்லது டிவியைக் கூட்டி வைப்பார். அம்மா பேசப்பேச பின்னால் செய்தி வாசிக்கிற குரல் உயர்ந்துகொண்டே போகும், அதை வைத்துத்தான் அப்பா நன்றாக இருக்கிறார் என்று காந்திமதி தெரிந்துகொள்வாள். வாரத்தில் ஒரே ஒரு சமயம் அம்மா வெளியே போகிறாள், சனிக்கிழமை சாயந்திரம், எதிர்வீட்டு மாமி காரில் ஏற்றிக்கொண்டு சிவன் கோயில் திருமுறை வகுப்புக்கு. அந்த இரண்டு மணி நேரம் அப்பா தனியே. மணி அடித்தால் அவர்தான் எடுக்க வேண்டும், யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பழைய போனில் தெரியாது. அங்கே சாயந்திரம் என்றால் இங்கே மத்தியானம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அவள் கையைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருப்பாள், அந்த இரண்டு மணி நேரக் கதவு திறந்து மூடிக்கொள்ளும். வானத்தில் மூன்று நட்சத்திரம் வந்து சபத் முடிந்து போனைத் தொடலாம் என்கிறபோது பாளையங்கோட்டையில் எல்லோரும் படுத்திருப்பார்கள். இத்தனை நாளும் போகட்டும் என்று விட்டாள். இல்லை, விடவில்லை, பயந்தாள், அதுதான் நிஜம், சபத் ஒரு நல்ல சாக்கு. அடுத்த சனிக்கிழமை அவள் வேறு ஒருவரின் மகள் ஆகியிருப்பாள்.

அந்த வேறு ஒருவர் எதிரே தார்ப்பாயில் தொங்கிக்கொண்டிருந்தார். பண்டிகையின் ஒவ்வொரு ராத்திரியும் முன்னோர்களில் ஒருவரைப் பந்தலுக்கு விருந்துக்கு அழைப்பது வழக்கம், முதல் ராத்திரி ஆபிரகாம். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கிரேயானில் வரைந்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தார்கள். ஆபிரகாமுக்குத் தாடி ஊதா நிறம், ஒரு கண் பெரிசு ஒரு கண் சின்னது, கையில் ஒரு தட்டு, தட்டில் கேக். விருந்தாளிகளுக்கு ஓடி ஓடிப் பரிமாறியவர் என்பதால் தட்டு. மதம் மாறி வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தகப்பன். பெயர் சொல்லி அழைக்கிற இடத்தில் இன்னாள், ஆபிரகாமின் மகள் என்றுதான் அழைப்பார்கள். நல்ல மனுஷராகத்தான் தெரிகிறார், காந்திமதிக்கு அவர்மேல் ஒரு புகாரும் இல்லை, ஆனால் ஒன்று உறுத்தியது: இவரே சொந்த அப்பாவை விட்டுவிட்டு வந்தவர்தானே. உன் தேசத்தையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று குரல் வந்தது, புறப்பட்டார். அந்த அப்பா அப்புறம் என்ன ஆனார்? யாராவது போய்ப் பார்த்தார்களா? ரிவ்காவிடம் கேட்டதற்கு நல்ல கேள்வி என்றாள், நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கிழவரும் மகன் போனபின் இரைச்சலாக எதையாவது கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். அப்படி நினைத்ததும் மேசையிலிருந்து ஒரு ரொட்டித் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இந்தப் பேரைப் பற்றி அப்பாவிடம் சொன்னவளே அவள்தான், கைடு கோயிலைச் சுற்றிக் காட்டுகிற உற்சாகத்தோடு. போன வருஷம் நவம்பரில். அதுவரைக்கும் அப்பா முறைத்தார், வாதாடினார், ஆனால் பேசினார். ஒருத்தனைக் கட்டிக்கிடணும், அதுக்காக மாறுதேன்னா சொல்லு, எனக்கு வெளங்கும், என்றார். அப்படி ஒருத்தனும் இல்லையே என்றபோதுதான் அவருக்குக் கோபமே வந்தது, மாப்பிள்ளையும் இல்லாமல் என்ன மாற்றம்? அவரிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் மணிக்கட்டு முறிந்து ஒரு பெரியவர் வந்தார், டெபோராவின் அப்பா. சபத் தொடங்கிவிட்டது, எழுதக் கூடாது, நாளை நட்சத்திரம் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா என்றார். வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனால் அவசரம் என்ற ஒன்று அந்த உடம்பில் எங்கேயும் இல்லை. மூன்று வருஷமாக இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, தூங்கும்போதும் கால் ஆடிக்கொண்டிருந்தவளுக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பொறாமையில் ஆரம்பித்தது. அடுத்த வாரம் டெபோரா சாப்பிடக் கூப்பிட்டாள், போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். ஒரு விஷயத்தை ஒழுங்காக, கடைசிவரை, நாக்கில் படுகிற சாப்பாட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் பிடித்துக்கொண்டு வாழ்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஒரு நிம்மதி. இது யாரிடமிருந்து வந்த குணம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளித்து, திருநீறு பூசி, பதிகம் சொல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அப்பா. சஷ்டியில் மாத்திரைகூடப் போடமாட்டேன் என்று டாக்டரிடம் சண்டை போட்டவர். எட்டு வயதில் அவளும் கந்த சஷ்டி விரதம் இருக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து, மூன்றாம் நாள் அடுக்களையில் ஒளிந்து முறுக்கைக் கடித்தபோது கையும் களவுமாகப் பிடித்தார். தின்னதுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பசிச்சா விட்டுட்டேன்னு சொல்லிட்டுத் தின்னு, இருந்தா ஒழுங்கா இரு, ரெண்டுங்கெட்டானா இருக்காத, என்றார். அது போதாதா, ஒரு வாரம் அழுதாள்.

அந்த நவம்பரில்தான் சொன்னாள். பேரும் வைப்பாங்கப்பா, அவங்க முறையில ஆபிரகாமின் மகள்னு வரும், எல்லாருக்கும் அப்படித்தான். சொல்லி முடித்து அவர் சிரிப்பார் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை. பின்னால் டிவியும் இல்லை. பிறகு, "அப்ப நான் யாருட்டி?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல. அவள் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். சி. காந்திமதி, சிதம்பரநாதன் மகள் காந்திமதி, பள்ளிக்கூடத்தில் பெயருக்கு முன்னால் நின்ற அந்த ஒற்றை எழுத்து இங்கே வந்து பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக நீண்டு, ஆஸ்பத்திரியில் ஒருவர் வாயிலும் நுழையாமல் படாதபாடு படுகிறது. அது எங்கேயும் போகவில்லை, பாஸ்போர்ட்டில் அப்படியேதான் இருக்கும், இது கோயிலில் மட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவா பதில்? அவர் பாஸ்போர்ட்டைப் பற்றியா கேட்டார்? இந்த இடத்துக்கு வந்தால் யோசனை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பதினொரு மாதமாக இப்படித்தான். நேற்று ராத்திரி ஸ்வி தன் பிள்ளைகள் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டு கையையும் வைத்து ஆசீர்வாதம் சொன்னான், வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுதான். பெண் பிள்ளைகளுக்கு சாராளைப் போல ரெபேக்காளைப் போல இரு என்று. கடைசிப் பையன் தலையை ஆட்டிக்கொண்டே ரொட்டியைப் பார்த்தான். காந்திமதி எப்போதும்போல் சுவர் ஓரமாக நின்றாள். பள்ளிக்கூடம் போகிற காலையில் அப்பா நெற்றியில் திருநீற்றை இழுத்துவிட்டு, கண்ணில் விழாமல் இருக்கக் கையைக் குவித்து ஒரு ஊது ஊதுவார், அந்த ஊதலின் காற்று நேற்று நெற்றியில் வந்து பட்டது. பட்டதா, பட்டமாதிரி இருந்ததா. அவளுக்கு அப்பா வேண்டும். இதைச் சொல்ல இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை.

மேசை ஓரத்தில் சின்னப் பெட்டியில் சணல் நாருக்குள் எத்ரோக் இருந்தது. பண்டிகைக்கென்று வாங்குகிற பழம், கையில் எடுத்து ஆசி சொல்லி ஆட்டுவார்கள், இன்று சபத் என்பதால் தொடவே கூடாது. மேல்தோலில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது, நுனி முறிந்திருக்கக் கூடாது என்று ஸ்வி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவான். எவ்வளவு பார்த்து வாங்கினால் என்ன, அது நார்த்தங்காய்தான். முதல் வருஷம், அவளுக்கு ஒன்றும் தெரியாத காலம், பண்டிகை நடுவில் டெபோராவுக்கு ஒத்தாசை செய்ய வந்தவள் சமையலறையில் இதைப் பார்த்ததும் ஊரையே பார்த்த மாதிரி மகிழ்ந்துபோய், கழுவி, சுருள் சுருளாக அரிந்து, உப்புப் போட்டு, ஜாடியில் அடைத்து ஜன்னலில் வெயிலுக்கு வைத்துவிட்டாள். ஸ்வி வந்து பெட்டியைத் திறந்தான். வெறும் நார். அவன் முகத்தைப் பார்த்து டெபோரா தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பண்டிகை பாக்கி நாளுக்கு அவன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி ஆட்டினான். அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்து, ஊறுகா நல்லா வந்துச்சாட்டி என்று கேட்டார்.

"உங்கப்பா இன்னும் பேசலையா?" என்றாள் டெபோரா, கண்ணைத் திறக்காமலே.

காந்திமதி திடுக்கிட்டாள். வாய்விட்டு ஏதும் சொல்லிவிட்டோமோ என்றுகூட ஒரு நொடி சந்தேகம். "இல்ல" என்றாள்.

"எங்கப்பா ஒரு நாளைக்கு மூணு தடவை கூப்பிடுவார். மழைக்குத் துணி எடுத்தியா, கதவைப் பூட்டினியா. எனக்கு எரிச்சலா வரும். போன் அடிச்சா வேணும்னே கொஞ்ச நேரம் விட்டு எடுப்பேன்." அந்தப் பெரியவர் போன பனிக்காலத்தில் இறந்துவிட்டார். டெபோரா கண்ணைத் திறந்து மேலே தழையைப் பார்த்தாள். "இப்ப யாரும் கேக்குறதில்ல. துணி நனையுது."

"இன்னைக்கு எங்கப்பா வீட்ல தனியா இருப்பார். இன்னும் கொஞ்ச நேரம்."

போ என்றும் சொல்லக் கூடாது, போகாதே என்றும் சொல்ல மனசில்லை, அது டெபோராவின் முகத்தில் தெரிந்தது. சபத்தை மீறச் சொல்லி ஒருவரிடம் நேராகச் சொல்லுகிற வழக்கம் இவர்களிடம் கிடையாது. வீட்டில் விளக்கு அணைந்துபோனால்கூட, இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறதே என்று பொதுவாகப் பெருமூச்சு விடுவார்களே தவிர, போடு என்று சொல்லமாட்டார்கள். கடைசியில் அவள் நாற்காலியை இன்னும் சாய்த்து, மேல்துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் தூங்கப் போறேன் காந்தி. நான் தூங்கினா யார் எங்க போறாங்க, எப்ப வராங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

காந்திமதி எழுந்தாள். தெருவில் வெயில், காய்ந்த இலை, சபத் உடையில் இரண்டு கிழவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யாருக்கும் அவசரமில்லாத நடை. நல்ல சபத் என்றார்கள், நல்ல சபத் என்றாள், குரல் திருடியின் குரலாக அவள் காதில் விழுந்தது. திரும்பிப் போய்விடலாம். அம்மா இதற்குள் வந்திருப்பாள், வகுப்பு சீக்கிரம் முடிந்திருக்கும், மாமிக்குத் தலைவலி என்று போயிருக்கவே மாட்டார்கள். எடுத்துவிட்டு என் குரல் கேட்டதும் வைத்துவிட்டால்? அதுதான் பயம், மற்றதெல்லாம் சும்மா. எடுக்காத போனுக்கு ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், குரலைக் கேட்டுவிட்டு வைத்தால் அதற்கப்புறம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை தண்ணீருக்குள் போகும்போது அந்த 'டொக்' சத்தமும் கூட வரும். மேலே இரண்டு கம்பத்துக்கு நடுவே அந்தக் கம்பி போயிற்று, ஒன்றும் ஓடாத வெறும் கம்பி, ஊரையே ஒரு வீடாக்குகிற கம்பி, பாளையங்கோட்டை வரைக்கும் இழுத்தால் என்ன இவர்களுக்கு என்று கோபம் வந்தது. அப்பாவிடம் என்ன சொல்வாள்? நீங்கள்தான் என் அப்பா என்றா, அதை ஒரு மனுஷரிடம் சொல்லித் தெரிவிக்க வேண்டுமா, சினிமாவில் அல்லவா அப்படிப் பேசுவார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறேன், ரெண்டுங்கெட்டானாக இல்லாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்று சொல்லலாம், ஆனால் சபத்தன்று போனில் அதைச் சொன்னால் அதுவே ரெண்டுங்கெட்டான்தனம். மாடிப்படி ஏறியாகிவிட்டது. அலமாரி இழுப்பறையில், வெள்ளிக்கிழமை சாயந்திரம் கவிழ்த்து வைத்த இடத்திலேயே போன் கிடந்தது. எடுத்தாள். இருட்டாக இருந்த திரை அவள் விரல் பட்டதும் வெளிச்சமாயிற்று, இரண்டாவது மீறல், பெயர் சொல்ல முடியாத மீறல். மனப்பாடமாக இருந்த எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினாள். அங்கே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்திலிருந்து போன் இருக்கிற மேசைக்கு அவர் நடக்கிற நடையை அவளால் எண்ண முடியும், இடுப்பில் கை, செருப்பைத் தேடுவார், வேண்டாம் என்று விட்டு நடப்பார்.

"யாரு?"

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நாந்தான்ப்பா. காந்தி."

அவர் வைத்துவிடவில்லை. டிவிச் சத்தம் நின்றது.

"இன்னைக்குச் சனிக்கெழமல்லா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"அங்க பொழுது சாஞ்சிட்டா?"

"இல்லப்பா. நல்ல வெயில்."

"பின்ன எதுக்குட்டி போனைத் தொட்ட? யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்லப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒங்ககூடப் பேசணும்னு..."

"பேசணும்னா? நெனச்சா எடுக்கதுக்கும் நெனச்சா விடுததுக்கும் அது என்ன வெளயாட்டா? வெள்ளிக்கெழம பொழுது சாய்ஞ்சதுலேருந்து தொடப்படாதுன்னுல்லா இருக்கு. மூணு நட்சத்திரம் வரணும்லா?" கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பதினொரு மாதக் கோபம் இல்லை அது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய கோபம், முறுக்குக் கோபம். "பிடிச்சது பிடிச்சாச்சு, ஒழுங்காப் பிடிக்கண்டாமா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் தோன்றவில்லை. "இங்க நட்சத்திரம் வரும்போது அங்க நடுச்சாமம் ஆயிரும்ப்பா. நீங்க படுத்திருவீங்க."

"முழிச்சிருக்கேன். சிவராத்திரிக்கு முழிக்கலையா நான்? இந்தப் போனுக்குப் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு இருக்கேன். நீ மூணையும் நல்லாப் பாத்துட்டுக் கூப்பிடு. பேச வேண்டியது எனக்கும் நெறைய கெடக்கு."

"சரிப்பா."

"அழாத. போ."

சரி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுத்து, அணைக்க விரலைக் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து அவசரமாக ஒரு சத்தம் கேட்டது. திரும்பக் காதில் வைத்தாள்.

"ஏட்டி, இரு இரு. கட் பண்ணுததும் அந்தக் கணக்குத்தான? நீ ஒண்ணையும் அமுக்காத," என்றார் அப்பா. "நான் வைக்கேன்."

வைத்தார்.